முதலில் ஹேர்ட்ஸ், பிறகு பிட்ரேற், கடைசியில்தான் 4கே

யாழ்ப்பாணத்து வீடுகளில் இருக்கிற கம்கோடர்களில் பல, இங்கே கடையில் வாங்கியவை அல்ல. கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்தது, லண்டன் மச்சான் புதிது வாங்கியதும் பழையதைக் கொடுத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்திருக்கும். நான் காத்தவராயன் கூத்தையும் கோயில் மேளத்தையும் பதிவுசெய்யத் தொடங்கியதும் ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு கமராவில்தான். பிறகு இங்கத்தைய முறைக்குரிய இன்னொன்று சேர்ந்தது. இரண்டையும் அருகருகே வைத்து எடுத்து, வீட்டு ரீவியில் போட்டுப் பார்த்து, மெனுவில் இருக்கும் ஒவ்வொரு தெரிவும் படத்தில் என்ன செய்கிறது என்று பழகிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூத்தைப் பதிவுசெய்கிறவனுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. பழக்கும் அண்ணாவிமாரில் பலருக்கு வயது போய்விட்டது. இரவு தொடங்கி விடியற்காலையில் காத்தான் கழுமரம் ஏறும்வரை ஆடுகிற ஆட்டத்தை, படம் பிழைத்துப்போச்சு, இன்னொருக்கா ஆடுங்கோ என்று யாரிடமும் கேட்க முடியாது. அதனால் கமராவை எடுக்கும் முன்பே முடிவு செய்யவேண்டியவை சில இருக்கின்றன.

கமரா என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "4கேயோ?" என்பதுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் பார்க்கவேண்டியது ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு எத்தனை தரம் என்ற கணக்கு. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரீவி முறையும் செக்கனுக்கு 25 பிரேம் (தனிப்படம்), அல்லது 50 அரைப்பிரேம். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் இதே பக்கம். கனடாவும் அமெரிக்காவும் 60 ஹேர்ட்ஸ். அங்கே விற்ற கம்கோடர் செக்கனுக்கு 60, 30 என்ற கணக்கில்தான் பதியும். பழைய கம்கோடர்கள் பலவற்றில் இதை மாற்றவே முடியாது. சில புதியவற்றில் மட்டும் மெனுவில் மாற்றுவதற்கு இடம் இருக்கும்.

இதில் என்ன பிரச்சினை என்று பகலில் வெளியே எடுக்கும்போது தெரியாது. இரவில் கோயில் மண்டபத்து ரியூப் லைற்றுக்குக் கீழே வந்தால் உடனே தெரியும். சோக் வைத்த பழைய ரியூப் லைற் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் 60 ஹேர்ட்ஸ் கமரா அதன் வழமையான 1/60 ஷட்டரில் (ஒரு பிரேமுக்கு வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், செக்கனில்) எடுக்கும்போது ஒரு பிரேமுக்குள் அந்தத் துடிப்பு முழு எண்ணிக்கையில் அடங்காது. ஒன்றே முக்கால் துடிப்புக்குக் கிட்ட வரும். ஒரு பிரேம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழுந்து படம் முழுக்கத் துடிக்கும், அல்லது பட்டை பட்டையாக மேலிருந்து கீழே ஓடும். இதற்கு மருந்து கமராவிலேயே இருக்கிறது: ஷட்டரைக் கையால் 1/100 இல் நிறுத்துங்கள். அப்போது ஒவ்வொரு பிரேமிலும் சரியாக ஒரு துடிப்பு விழும், வெளிச்சம் சமமாகும். கொஞ்சம் இருட்டும், பரவாயில்லை. எங்கள் முறைக் கமரா என்றால் 1/50 போதும். இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு பக்கக் குறிப்பு. திருவிழாவுக்கு ஜெனரேற்றர் போட்டிருந்தால் 1/100 வைத்தும் மெதுவாகப் பட்டை ஓடலாம். சின்ன ஜெனரேற்றர்களின் வேகம் சுமைக்குத் தக்கபடி மாறும், அதோடு ஹேர்ட்ஸும் மாறும். அப்படியான இடத்தில் ஆட்டம் தொடங்கும் முன், லைற் எல்லாம் போட்டபின், கமராத் திரையைப் பார்த்தபடி ஷட்டரைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, பட்டை நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறம் மாறுகிற மலிவான எல்ஈடி மேடை லைற்றுகளுக்கும் இதே வேலைதான்.

இரண்டு கமரா வைத்து எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு சாமத்தியவீட்டில் வீடியோக்காரர் 50இல் எடுக்க, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் 60இல் எடுத்திருந்தார். இரண்டையும் ஒன்றாக வெட்டிச் சேர்த்தபோது, பிள்ளை நடந்துவருகிற காட்சியில் ஒரு கமராப் படம் வழுக்கிக்கொண்டு போக, மற்றது இரண்டு எட்டுக்கு ஒரு தரம் தடக்கியது. 60ஐ 50 ஆக்கும்போது மென்பொருள் சில பிரேம்களைத் தூக்கி எறியும், அல்லது இரண்டைக் கலந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மறைக்க முடியாது. கையில் 60 கமரா மட்டும்தான் இருக்கிறதென்றால் எல்லாவற்றையும் அதிலேயே எடுத்து, 60இலேயே வெட்டி, 60இலேயே கொடுங்கள். இன்றைய போனும் யூடியூப்பும் இரண்டையும் ஓட்டும். கலக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

அடுத்தது 50ஐயா, 50பியா, 25பியா என்பது. எண், செக்கனுக்கு எத்தனை என்பது; ஐ என்றால் அரைப்பிரேம், பி என்றால் முழுப்பிரேம். ரொறன்ரோவில் இருக்கும் மாமி ஒருமுறை போனில் கேட்டா: "என்ன தம்பி, பிள்ளை ஆடேக்கை கையெல்லாம் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு கோடாக் கிடக்கு?" அவ பார்த்தது அரைப்பிரேம் முறையில் எடுத்த படம். அதில் ஒற்றை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டை வரிகள் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதியும். அசையாத பொருளில் இரண்டும் பொருந்தும். வீசுகிற கையில் பொருந்தாது. பழைய பெரிய ரீவிகள் அதை அப்படியே காட்டுவதற்கென்று செய்தவை. கணினித் திரையும் போனும் அப்படி இல்லை. ஆகவே 50ஐயில் எடுத்துவிட்டீர்கள் என்றால், யூடியூப்பில் ஏற்றும் முன் வரிகளைப் பிரித்து 50பி ஆக மாற்றுங்கள். 25பி ஆக மாற்றினால் அசைவில் பாதியை எறிந்துவிடுகிறீர்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் விஎல்சியில் டீஇன்ரர்லேஸ் என்பதைப் போட்டு, முறையில் யாடிஃப் என்பதைத் தெரிந்தால் போதும்.

புதிதாக எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது 50பி. காத்தான் கூத்தின் சிந்துநடையில் கால் எப்படி விழுகிறது, சதங்கை எந்த அடியில் அதிர்கிறது என்று பின்னால் பழகவருகிற பிள்ளை பார்க்கவேண்டும். தவில்காரரின் வலக்கை விரல்கள் ஓடுகிற ஓட்டத்தில் செக்கனுக்கு 25 படம் என்பது பாதிச் சொல்லைக் காட்டி மீதியை விழுங்கிவிடும். இணுவில், அளவெட்டி மேளச்சமாக்களை 25பியிலும் 50பியிலும் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி பிட்ரேற், அதாவது ஒரு செக்கன் படத்துக்குக் கமரா எழுதுகிற தரவின் அளவு. இங்கேதான் விஷயம் அதிகம் இருக்கிறது, இங்கேதான் பலர் கமரா தந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சொனியும் பனசொனிக்கும் சேர்ந்து 2006இல் கொண்டுவந்தது ஏவிசிஎச்டி என்ற பதிவு முறை. அதில் உயர்ந்த பிட்ரேற் செக்கனுக்கு 24 மெகாபிட். 2011இல் 50பி, 60பி சேர்ந்தபோது 28 ஆனது. 2013இல் சொனி கொண்டுவந்த எக்ஸ்ஏவிசி எஸ், முழு எச்டியில் 50 மெகாபிட் வரையும், வீட்டுப் பாவனை 4கே கம்கோடர்களில் 60 அல்லது 100 மெகாபிட்டும் தரும். இவை எல்லாம் உள்ளே பாவிப்பது ஒரே சுருக்கும் முறை, எச்.264. ஒரு படத்தை முழுதாக எழுதும். அடுத்து வரும் படங்களில் எது மாறியதோ, எது நகர்ந்ததோ அதை மட்டும் எழுதும். மாற்றம் குறைந்தால் சிறிய இடம் போதும். மாற்றம் கூடினால் இருக்கிற பிட்டுக்குள் அடக்க முடியாமல் படத்தைச் சதுரம் சதுரமாகக் கரைத்துவிடும்.

ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் கிடைக்கிறது என்று நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். பிட்ரேற்றை, ஒரு செக்கனில் எடுக்கும் புள்ளிகளின் தொகையால் பிரிப்பதுதான். முழு எச்டியின் ஒரு பிரேமில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். 4கேயில் அதைப் போல நாலு மடங்கு. 28 மெகாபிட் 50பிக்கு புள்ளிக்கு 0.27 பிட் வருகிறது. 50 மெகாபிட் 50பிக்கு 0.48. 4கே 25பியை 60 மெகாபிட்டில் எடுத்தால் 0.29, 100இல் எடுத்தால் மீண்டும் 0.48. ஆக, 60 மெகாபிட் 4கே என்பது ஒவ்வொரு புள்ளியளவிலும் பழைய ஏவிசிஎச்டி அளவுக்குத்தான் ஒல்லியானது. இந்தக் கணக்கு முழு உண்மையும் இல்லை. 50பியில் அடுத்தடுத்த பிரேம்கள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதால் அவை நன்றாகச் சுருங்கும். 28 மெகாபிட் படம் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு மோசம் இல்லை. ஆனாலும் எங்கே உடையும் என்று முன்கூட்டியே காட்டுகிற கணக்கு இது.

எங்கே உடைகிறது என்று பார்க்க யாழ்ப்பாணத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சோளகக் காற்று வீசும் காலத்தில் பனங்கூடலுக்கு முன்னால் முக்காலியை வையுங்கள். ஒவ்வோர் ஓலையும் நூறு கீற்று. ஒவ்வொரு கீற்றும் வேறு வேறு பக்கம் அசையும். சுருக்கும் முறைக்கு இதைப் போல் ஒரு சோதனை கிடையாது. 9 மெகாபிட்டில் ஓலை பச்சைப் பாசியாகும். 17இல் காற்று நிற்கும்போது ஓலை தெரியும், அடித்ததும் கரையும். 24இலும் 28இலும் ஓரங்களில் மட்டும் இளகும். 50இல் கீற்றுகள் கீற்றுகளாகவே நிற்கும். இதே நிலைதான் நல்லூர்த் தேரன்று வெளிவீதியில்: வெள்ளை மணல், அதன்மேல் அசையும் ஆயிரம் தலைகள், உடையும் தேங்காய்ச் சிதறல். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் காவடி ஆட்டத்து மயிலிறகும் அதே கதைதான்.

மாறாக, தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களை எடுக்கும்போது 17 மெகாபிட்டே படத்துக்குப் போதும் என்று தோன்றும். வானம் அசையாது, பட்டம் மட்டும் அசையும். ஆனால் அங்கே வேறொன்று வரும்: வானத்தின் நீலம் படிப்படியாக வெளிறும் இடத்தில் வளையம் வளையமாகக் கோடு விழும். வீட்டுக் கம்கோடர்கள் 8 பிட் நிறத்தில்தான் பதிகின்றன. ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே. பிட்ரேற்றைக் கூட்டினால் கோடு கொஞ்சம் தணியும், முழுதாகப் போகாது.

இரண்டு தெரிவுகளை ஒப்பிட விரும்பினால், கமராவை ஓர் இடத்தில் இறுக்கி வைத்து, ஃபோக்கஸ், ஷட்டர், ஐரிஸ், வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டு, பதிவு முறையை மட்டும் மாற்றி மாற்றி எடுங்கள். ஓட்டோவில் விட்டால் நீங்கள் ஒப்பிடுவது வெளிச்சத்தை, ஃபோர்மற்றை அல்ல. கமராவின் சின்னத் திரையில் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்; அதில் 9 மெகாபிட்டும் வடிவாய்த்தான் இருக்கும். ரீவியில், வீட்டார் உட்காரும் தூரத்தில் இருந்து பாருங்கள். நிறுத்தி வைத்த ஒரு படத்தை உருப்பெருக்கிப் பார்ப்பதை விட, ஓடவிட்டு, கமரா திரும்பி முடிகிற கணத்தையும் காட்சி சட்டென்று மாறுகிற கணத்தையும் பாருங்கள். சதுரங்கள் எழும்புவது அந்த இடங்களில்தான். எந்தக் கோப்பு உண்மையில் என்ன பிட்ரேற்றில், எத்தனை பிரேமில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் முழுக்கச் சொல்லிவிடும்.

இரவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூத்து இரவில்தான். வெளிச்சம் குறைய, கமரா கெயினை (படத்தைச் செயற்கையாக வெளிச்சமாக்கும் அளவை) கூட்டும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறுவதால், சுருக்கும் முறைக்கு அவையும் அசைவுதான். காத்தானின் முகத்துக்குப் போகவேண்டிய பிட்டைப் பின்னால் இருக்கிற கறுப்புத் திரை தின்றுவிடும். பெரிய பிட்ரேற் இங்கே உதவும், ஆனால் இரண்டு வெள்ளை லைற்றைக் கூட்டுவது அதைவிடக் கூடுதலாக உதவும். ஓர் அண்ணாவியாரிடம் இதைக் கேட்டபோது "லைற் கூடினால் முடியிலை இருக்கிற பளபளப்பும் நல்லா மின்னும், போடு தம்பி" என்றார். சில கமராக்களில் கெயின் எதுவரை ஏறலாம் என்று மட்டுப்படுத்தும் தெரிவும் உண்டு. நான் அதைப் பாவிக்கிறேன். கொஞ்சம் இருட்டான, துப்புரவான படம், வெளிச்சமான கொதிக்கிற படத்தை விட மேல்.

இப்போது 4கே. எனக்குத் தெரிந்த வீட்டுக் கம்கோடர்கள் பலவும் எங்கள் முறையில் 4கேயை 25பியில்தான் தருகின்றன. 50பி வேண்டுமானால் முழு எச்டிக்கு இறங்க வேண்டும். கூத்துக்கும் மேளத்துக்கும் நான் தயங்காமல் முழு எச்டி 50பி 50 மெகாபிட்டைத் தெரிவேன். அண்ணாவியார் இருந்து பாடிக் காட்டுவது, ஏட்டுப் பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது, கோயில் கோபுரச் சிற்பம், இவற்றுக்கு 4கே 100 மெகாபிட். அசைவு இல்லாத, நுணுக்கம் உள்ள இடத்தில் 4கே தன் காசுக்கு வேலை செய்யும்.

ஒலியையும் ஃபோர்மற்தான் தீர்மானிக்கிறது. ஏவிசிஎச்டி பெரும்பாலும் ஒலியை டொல்பி டிஜிற்றலாகச் சுருக்கி எழுதும். எக்ஸ்ஏவிசி எஸ் சுருக்காமல் பிசிஎம் ஆக எழுதும். மேடைப் பேச்சில் வித்தியாசம் தெரியாது. நாதஸ்வரமும் தாளமும் சேரும் உச்சத்தில் நல்ல ஹெட்போனில் தெரியும். அதைவிடப் பெரிய கெடுதல் ஓட்டோ ஒலிமட்டம்: தவிலின் ஒவ்வோர் அடிக்கும் மட்டத்தைக் குறைத்து, உடனே ஏற்றி, நாதஸ்வரத்தை மூச்சுவாங்க வைத்துவிடும். மட்டத்தைக் கையால், தவில் ஓங்கி விழும் இடத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

இடக் கணக்கு எளிது: மெகாபிட்டை எட்டால் பிரித்தால் செக்கனுக்கு எத்தனை மெகாபைற் என்று வரும். 28க்கு மணித்தியாலத்துக்கு 12.6 ஜீபி, 50க்கு 22.5, 100க்கு 45. ஆறு மணித்தியாலக் கூத்து 50 மெகாபிட்டில் 135 ஜீபி. 100 மெகாபிட் என்பது செக்கனுக்கு 12.5 மெகாபைற், கிளாஸ் 10 மெமரிக் காட் உறுதி தருவது 10 மட்டும்தான். அதனால்தான் கமரா யூ3 காட் கேட்கிறது, அதற்கு 30 உறுதி. சந்தையில் போலிக் காட்களும் உலாவுகின்றன. புதுக் காட்டை எச்2ரெஸ்ற்டபிள்யூ போன்ற ஒரு மென்பொருளால் முழுக்க எழுதி வாசித்துப் பார்க்காமல் நான் ஒரு நிகழ்ச்சிக்கும் கொண்டுபோவதில்லை.

32 ஜீபி வரையான காட்கள் வழமையாக ஃபற்32 முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜீபியைத் தாண்டாது. அதனால் நீண்ட பதிவைக் கமரா துண்டு துண்டாக எழுதும். 28 மெகாபிட்டில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு துண்டு, சில கமராக்கள் 2 ஜீபியிலேயே வெட்டும். இந்த எம்ரிஎஸ் (ஏவிசிஎச்டிக் கோப்பு வகை) துண்டுகளைத் தனித்தனியாக எடிற்றரில் போட்டால் இணையும் இடத்தில் ஒலி ஒரு கணம் விக்கலாம். பாட்டின் நடுவில் அது நன்றாகக் கேட்கும். காட்டில் இருக்கும் கோப்புறை முழுவதையும் அப்படியே பிரதிசெய்து, கமராவோடு வந்த மென்பொருளால் உள்ளெடுத்தால் துண்டுகள் தைக்கப்பட்டு வரும். 64 ஜீபியும் அதற்கு மேலும் உள்ள காட்களின் எக்ஸ்ஃபற் முறையில் 4 ஜீபி எல்லை இல்லை, ஆனாலும் ஏவிசிஎச்டி அதன் பழக்கப்படி வெட்டிக்கொண்டே இருக்கும்.

போனில் எடுத்ததைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வரி: போன்கள் பல பிரேம் வேகத்தை வெளிச்சத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே எடுக்கும், நீண்ட பதிவில் உதடும் ஒலியும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பின் வெட்டுங்கள். வாட்சப்பில் அனுப்பினால் டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படம் நசுங்கித்தான் வரும்.

கடைசியாக, அலுமாரிகளில் கிடக்கும் மினிடீவி ரேப்புகள். பழசு, தரம் குறைவு என்று எறிந்துவிட வேண்டாம். அதன் பிட்ரேற் 25 மெகாபிட், ஏவிசிஎச்டியின் முதல் உச்சமான 24ஐ விட ஒரு மெகாபிட் கூட. படத்தின் புள்ளிகள் முழு எச்டியில் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு பிரேமும் அடுத்ததை நம்பாமல் தனித்து நிற்கும்; ஆட்டத்தின் அசைவு அதில் கரைவதில்லை. ஒரு மணித்தியால ரேப் கணினியில் 13 ஜீபி அளவில் வரும். அதை ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியாக, இலக்கம் இலக்கமாக, மறுபடி சுருக்காமல் எடுக்க வேண்டும். டிவிடி ரெக்கோடரில் போட்டு எடுத்த பிரதி அதற்கு ஈடாகாது. இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் இல்லை, ரேப் ஓடுகிற கமராக்களும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன, எங்கள் மாரிக்கால ஈரத்தில் ரேப்பில் பூஞ்சணம் பிடிக்கிறது. என்னிடம் ஓடுகிற கமராவும் ஃபயர்வயர் உள்ள பழைய கணினியும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் யாரிடமாவது கூத்து ரேப், மேளச்சமா ரேப் இருந்தால், கழுவித் துடைக்கவோ சுற்றிப் பார்க்கவோ வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள்.